ஃபீடில் கடைசி ஆள்

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் ஆப்பில் பெரிய மாற்றம் வருவதாக இருந்தது. அதுவரை ஃபீடில் நண்பர்கள் போடுவது மட்டும்தான் வரும், அதுவும் போட்ட வரிசையில். இனி எது முதலில் வரவேண்டும் என்று அல்காரிதம் முடிவு செய்யும், முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களையும் நடுவே செருகும். எங்கள் அலுவலகத்தில் எதையும் வெளியே விடுவதற்கு முன் எங்கள் போன்களிலேயே ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு மாதமாக எல்லோர் போனிலும் புதியதுதான் ஓடியது, என் போனைத் தவிர. "அந்தக் கண்றாவி எனக்கு வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கம்பெனியில் முதலில் சேர்ந்தவள் நான், என்னிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. இந்த மாற்றத்தை வைத்துத்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. "நண்பனைப் பாக்க வர்றவனுக்கு எதுக்கு ஊரான் வீடியோ?" என்று கத்திவிட்டுத் தம்பி வெளியேறி ஒரு வருடம் ஆகிறது. பேச்சு இல்லை, போன் இல்லை. ஆனால் ஆப்பில் மட்டும் இருவரும் ஒருவரையொருவர் நீக்கவில்லை. வீம்புக்கும் ஒரு அளவு உண்டு போல.

மத்தியானம் தம்பியின் பதிவு வந்தது. ரயில் ஜன்னல் படம். "சாயந்தரம் நம்ம ஸ்டேஷன்ல வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். மூணு பேரும் இருக்கோம். வரணும்னு தோணுறவங்க வரலாம்." யாரை வரச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா? சாயந்தரமானதும் அண்ணன் அறையை எட்டிப் பார்த்தேன். மனிதர் போனைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். யாரோ அழுக்குக் கம்பளத்தைக் கழுவும் வீடியோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டேஷனுக்குக் கிளம்பலையா?"

"எந்த ஸ்டேஷனுக்கு?"

"நடிக்காதீங்கண்ணா. போன வாரம் தம்பி போட்ட குழந்தை போட்டோவுக்கும் ஒரு வார்த்தை சொல்லல. உங்களுக்கு மனசா, கல்லா?"

"எந்தக் குழந்தை?"

அவர் நடிக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் போனை நீட்டினேன். துணியில் சுற்றிய சிசு, கீழே தம்பியின் வரி: "மூக்கு அப்படியே அவ பெரியப்பா மூக்கு."

அவர் தன் போனில் பரபரவென்று தள்ளினார். கம்பளம், பூனை, கேக், மறுபடியும் கம்பளம். எல்லாவற்றுக்கும் அடியில், தரைதட்டுகிற இடத்தில் கிடந்தாள் குழந்தை. ஒரு வருடமாகப் பேச்சில்லாத ஆளைக் கடைசிக்குத் தள்ளு என்பது புது அல்காரிதத்தின் விதி. அதை எழுதியவர் அவரேதான்.

"நான் பெரியப்பா ஆயிட்டேனா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"அழுறதெல்லாம் வண்டியில அழுங்க, எந்திரிங்க!"

என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். எல்லா சிக்னலும் சிவப்பு. "சந்துல விடு, சந்துல விடு!" என்று தோளை உலுக்கினார். ஒருவழிப் பாதையில் எதிரே வந்த லாரிக்காரர் எங்கள் இருவரையும் வாய் நிறைய வாழ்த்தினார். வண்டியை வாசலிலேயே போட்டுவிட்டுப் படிகளில் ஓடினோம். ரயில் நின்றுகொண்டிருந்தது! எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது, கத்தியேவிட்டேன்.

தம்பி கதவருகே குழந்தையோடு நின்றிருந்தான், பின்னால் அவன் மனைவி. அண்ணனைப் பார்த்ததும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"பாத்துட்டும் வரலைன்னு நெனச்சேண்ணா. குழந்தை போட்டோவுக்கும் நீ ஒண்ணுமே சொல்லல..."

"பாக்கவே இல்லடா. சத்தியமா என் கண்ணுல படவே இல்லடா."

தம்பி குழந்தையை நீட்டினான். அண்ணன் படியில் ஏறி வாங்கிக்கொண்டார். மூக்கைப் பார்த்தார், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டது. வண்டி அசைந்தது. இறங்குவார் என்று பார்த்தேன். மனிதர் உள்ளே நகர்ந்துகொண்டார்.

"அண்ணா! டிக்கெட் இல்ல!" கூடவே ஓடினேன்.

"பரவாயில்ல! ஆறு மணிக்கு எதையும் வெளிய விடாத! பழசே இருக்கட்டும்!"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்! நீங்க முதல்ல குழந்தை தலையத் தாங்கிப் பிடிங்க!"