இரண்டெழுத்தும் நான்கெழுத்தும்

மனு திரும்பி வந்திருந்தது. ‘தே’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் சிவப்புப் பென்சில் வட்டம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் எழுதியதுதான் இது. பவுனம்மாள் இரண்டாவது ஆளின் வாசலில் நின்றாள். கணக்கு எழுதும் சின்னையா கிராணி அவளை உட்காரச் சொல்லவில்லை.

அவருடைய தம்பி அய்யாவு சயாமிலிருந்து திரும்பவில்லை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரர்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் என்று கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமியைச் சிறையில் வைத்திருந்தார்கள். பவுனம்மாள் அவர் மனைவி. போர் முடிந்து திரும்பிவந்த வெள்ளைக்கார அதிகாரி திங்கட்கிழமை முடிவு சொல்வார்.

சின்னையா மனுவைப் படித்துச் சிரித்தார்.

“ஒரே வாக்கியத்துல உன் புருசன் ‘ஹீ’ன்னு நுழையிறான், பாதியில ‘தே’ன்னு ஆயிடுறான். ‘ஹீ’ன்னா ஒரு ஆளு. ‘தே’ன்னா பல பேரு. துரை என்ன நெனைப்பாரு? ஜப்பான்காரன் கூட்டத்துல இவனும் ஒருத்தன்னு நெனைப்பாரு.”

“நான் அவங்கன்னு சொன்னேன். அப்படியே எழுதிட்டாரு.”

“புருசனும் அவங்க, ஜப்பான்காரனும் அவங்களா?”

“அவனுங்கன்னு சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்லு போச்சு. மூணரை வருசம் கிராணியாரே. நாக்கு பழகிடுச்சு.”

“புருசன் பேரைச் சொல்லு. குழப்பம் இருக்காது.”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப உள்ளயே கிடக்கட்டும்.”

“உங்க தம்பிய நெனைச்சுப் பேசுறீங்க. தெரிஞ்சுதான் வந்தேன். வேற ஆள் இருந்தா இந்த வாசலை மிதிச்சிருக்க மாட்டேன். எழுதுங்க.”

அவரிடம் ஒரே ஒரு தாள் இருந்தது. எடுத்தார். அவள் சொன்னாள்.

“அவங்க வந்து பட்டியல் கேட்டாங்க. அவங்க முடியாதுன்னாங்க. அவங்க அடிச்சாங்க. அவங்க விழுந்துட்டாங்க. அவங்களே எழுதிக்கிட்டாங்க.”

எந்த அவங்க யார் என்று சின்னையாவுக்குப் பிசகில்லாமல் புரிந்தது. ஐந்தையும் ஒரே வாக்கியமாக எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார்.

“ரேகை வை.”

“இதுல எது அவங்க, எது ஜப்பான்காரன்?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற?”

“போன தடவை கேக்காம விட்டேன்.”

அவர் பேனாவின் பின்முனையால் இரண்டு சொற்களைத் தட்டினார். “இது ‘தே’. நாலெழுத்து. ஜப்பான்காரன். இது ‘ஹீ’. ரெண்டெழுத்து. உன் ஆளு. போதுமா?”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து, அதே உருவங்களைத் தேடி வரியின்மேல் விரலை நகர்த்தினாள். நான்கு. இரண்டு. நான்கு. இரண்டு. இரண்டு.

விரல் நின்றது.

“கடைசியில ஏன் ரெண்டெழுத்து?”

“அவங்களேன்னு நீதான சொன்ன. யாருன்னு நான் கண்டேனா?”

“ரெங்கசாமி எழுதலை.”

கல்யாணமான பதினோரு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். இன்னொரு முறையும் சொன்னாள். “ரெங்கசாமி எழுதலை. அப்ப அவருக்கு நினைவே இல்ல.”

“அப்ப என் தம்பி பேரு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆபீஸ் சுவத்துல செக்ரோல் தொங்கிச்சு. கூலியாளுங்க பேரு பூராவும் அதுல இருந்துச்சே. பார்த்து எழுதிக்கிட்டாங்க.”

தினமும் ஆள் வந்ததைக் குறிக்கும் அந்தப் புத்தகத்தில் மாதாமாதம் பெயர் எழுதியவர் சின்னையாதான். அடித்தல் திருத்தல் கிடையாது. யாரும் தடுமாறாமல் படிக்கலாம். அய்யாவு பதினேழாவது வரி.

“பொய்,” என்றார்.

“பொய்யோ மெய்யோ, நாலெழுத்தா மாத்துங்க.”

கடைசிச் சொல்லை அடித்தார். பேனா முள் தாளைக் கீறியது. மேலே நான்கெழுத்தை எழுதினார். எழுத்து கோணியிருந்தது.

அவள் அவரது மைப்புட்டியில் கட்டைவிரலை நனைத்தாள். அடித்திருந்த இடத்தை ஒட்டி ஒரு ரேகை வைத்தாள். கீழே ஒன்று. தாளை ஊதி மடித்தாள்.

விரலில் மிச்சமிருந்த மையை அவர் கதவுநிலையில் துடைத்துவிட்டுப் போனாள்.