மீக்கா என்கிற ரொட்டித் துணுக்கு

1

இந்தக் கதை என் அக்காவின் வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அவள் ஓர் இத்தாலிய–தமிழ் அகராதி அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சொற்பிறப்பு எழுதுகிறவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: இத்தாலிய மொழியில் மீக்கா என்றொரு வினையடை உண்டு, அது

அந்த வரியை அடித்துவிட்டேன். எரிந்துகொண்டிருக்கும் வீட்டில் பாடம் நடத்தக் கூடாது.

(ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். லத்தீனில் மீக்கா என்றால் ரொட்டித் துணுக்கு. ‘ஒரு துணுக்குகூடத் தின்னவில்லை’ என்று சொல்லிச் சொல்லியே ரொட்டி மறைந்துபோய், ‘துளியும் இல்லை’யின் அழுத்தம் மட்டும் மிஞ்சியது. நாம் இம்மியும் நகரவில்லை என்கிறோமே, அதேபோல.)

2

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. எழுதியவரின் பெயர் வலது கீழ் மூலையில் இருக்கும். அச்சுக்குப் போகும்முன் மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். புத்தகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் பெயர் மட்டும்தான். கத்தரிக்கும் வேலையும் அக்காவுடையதே. அடுத்தவர் மூலைகளை வெட்டியபோது அவள் வாய் திறந்ததில்லை. (இந்த வரியை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை.)

மீக்காவுக்கு மூன்று மாதம் உழைத்தாள். போன வாரம் ஒரு பேட்டியில், அந்தத் துணுக்கைத் தானே கண்டுபிடித்ததாகத் தலைமைப் பதிப்பாசிரியர் கூசாமல் சொன்னார். அக்கா அவர் அறைக்கே போனாள்.

“சார், அது என் அட்டை.”

“யாரும்மா இல்லேன்னது? முன்னுரையில ‘உதவியவர்கள்’னு போடுறோம்ல. மூலைய வெட்டி அனுப்புங்க, அச்சகத்துல காத்திருக்காங்க.”

அக்கா அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

3

கதைக்கு ஒரு முடிவு: மறுநாள் போய் அவர் முகத்துக்கு நேரே அட்டையை வீசுகிறாள். (சினிமா.) இன்னொன்று: பேசாமல் வெட்டிவிடுகிறாள். (எழுதவே கை கூசுகிறது.)

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

“கதை யார் பேர்ல வருது?”

“என் பேர்லதான்க்கா.”

“உழைப்பு என்னோடது, கோவம் என்னோடது, பேர் மட்டும் உன்னோடதா? நீயும் அந்தாளும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்டா!”

தாளை வெடுக்கென்று பிடுங்கி, என் பெயர் இருந்த மூலையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். எனக்கும் கோபம்தான் வந்தது. வெட்கம் பிறகு வந்தது.

4

நீங்கள் படிப்பது அந்தத் தாள்தான். மீக்கா அட்டை இன்னும் நான்கு மூலைகளோடு மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் கத்தரிக்கோல். அச்சகத்திலிருந்து மூன்றாவது முறையாகப் போன் அடிக்கிறது. அக்கா எடுக்க மாட்டாள். எனக்கு எடுக்கும் யோக்கியதை இல்லை.

நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.