பால் கொடுத்தவளுக்கு வெள்ளைத் துணி

கம்பஹாவில் சோமலதாவைக் கண்ட மாத்திரத்தில் சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். அவள் வாய் திறக்கவே தேவையில்லை. முப்பத்தைந்து வருடம் மேடையிலும் பிறகு தொலைக்காட்சியிலும் லூசி நோனா என்ற வாயாடி வேலைக்காரியாகவே வாழ்ந்தவள். மீன்காரன் நிறுக்கும்போது சிரிப்பான். பன்சலையில் புத்தருக்கு வைக்கப் பூத்தட்டோடு நின்றால் பின்னால் நிற்பவள் சிரிப்பாள். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரும் சிரித்தார். அதையெல்லாம் அவள் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தாள்.

பெற்ற மகள் மட்டும் சிரித்ததில்லை. அந்த நிசன்சலாவுக்குத்தான் இன்று கல்யாணம். இரண்டு வாரத்துக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு யாரையும் சிரிக்க வைக்காதீங்க. சும்மா ஒரு அம்மா மாதிரி வந்து இருங்க."

சரி மகள் என்றாள் சோமலதா. வாக்குக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு ஆசை வந்தது. மணச் சடங்கில் மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பாலூட்டிய தாயின் கையில் வெள்ளைத் துணியொன்றைக் கொடுத்துக் கும்பிட வேண்டும். அந்தத் துணி தனக்குக் கிடைக்குமா? வேறு எந்த மரியாதையும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இது ஒன்று கிடைத்தால் போதும், மகள் தன்னை மன்னித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மன்னிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. நிசன்சலா நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது சோமலதா அவளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நாடகத்துக்குப் போனாள். காட்சிக்குக் காட்சி உள்ளே ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள். குளியாப்பிட்டியில் ஒரு நாள், அவள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதது. அழுகை கேட்டதும் பால் சுரந்து சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. சனம் கண்டுவிட்டது. கொட்டகையே அதிரச் சிரித்தது. அவளும் கூச்சத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள், அதற்கு இன்னும் சிரித்தார்கள். நாடகத்தை நடத்தியவர் விடுவாரா? நாளை முதல் இதையும் சேர்த்துக்கொள் என்றார்.

மறுநாள் முதல் ஈரப் பஞ்சை உள்ளே வைத்துக்கொண்டு மேடையேறினாள். பெயர் வந்தது, கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை. கம்பஹாவில் அக்கா யசவதியிடம் விட்டாள். பால் வற்றிப்போன பிறகும் ஈரப் பஞ்சு நின்றபாடில்லை, எட்டு வருடம் ஓடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிசன்சலாவின் முன்னால் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் அம்மாவின் வீட்டுக்கு வரவேயில்லை. பெரியம்மாவிடமே வளர்ந்து ஆளானாள்.

ஆகவே துணி விஷயத்தை மகளிடம் கேட்கச் சோமலதாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அக்காவிடம்தான் கேட்டாள். "இதென்ன கேள்வி? பெத்தவ நீ இருக்கக்குள்ள வேற யாருக்குடி குடுக்கிறது?" என்று யசவதி அதட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது.

மண்டபத்தில் சோமலதா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்தாள். கும்பிட்டவர்களைக் கும்பிட்டாள். சிரிப்புக் காட்டச் சொன்னவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினாள். லூசி நோனாவுக்கு இன்றைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று ஆட்கள் அதையும் பகிடியாக்கினார்கள். மணவறையில் நிசன்சலா மணப்பெண்ணுக்குரிய அடக்கத்தோடு தலை குனிந்து நின்றாள். தாய்மாமன் மணமக்கள் இருவரின் விரல்களையும் நூலால் கட்டி நீர் வார்த்தார். சிறுமிகள் மங்களப் பாட்டுப் பாடினார்கள். மாப்பிள்ளை தனுக்கவின் கைக்கு வெள்ளைத் துணி வந்தது.

சடங்கை நடத்தியவர் இருபது வருடமாக இதே வேலை செய்கிறவர். மகள் முந்தின நாளே அவரிடம் பெரியம்மாவின் பெயரைச் சொல்லித்தான் இருந்தாள். வாய் பழக்கத்தில் போய்விட்டது.

"இப்ப மணமகளைப் பெத்துப் பால் குடுத்த அம்மா எழும்பி வாங்க."

சோமலதா எழும்பினாள். எழும்பின வேகத்தில் கதிரை பின்னால் நகர்ந்தது. இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு ஓரடி வைத்தும் விட்டாள். அப்போதுதான் தனுக்க, சொல்லிக் கொடுத்தபடி, பக்கத்துக் கதிரையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"பெரியம்மா, நீங்க வாங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. யசவதிக்கு முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை துணியோடு விழித்தான். நிசன்சலா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை, அம்மா எழும்பி வந்தது அவளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு நொடி போனால் ஊர் முணுமுணுக்கும், பெற்றவளை அவமானப்படுத்திய மகள் என்ற பேச்சு பிள்ளைக்குக் காலமெல்லாம் நிற்கும். சோமலதா ஏந்திய கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு லூசி நோனாவின் கிழிந்த குரலை எடுத்தாள்.

"நீங்க நடத்துங்க தம்பி, நான் துணிக்கு எழும்பல. கஜுக் கறி வாசம் வந்திச்சு, அதான் கால் தானா எழும்பிருச்சு."

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குள் யசவதி தள்ளாடிப் போய்த் துணியை வாங்கினாள்.

தேங்காய் உடைத்து இறங்கியதும் நிசன்சலா நேராக அம்மாவிடம் வந்தாள். "ஒரு நாள்தானே கேட்டேன். ஒரே ஒரு நாள்."

"வாய் சும்மா இருக்குதில்லையே மகள்," என்றாள் சோமலதா.

யசவதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சோமலதா அவள் கையை நோகும்படி அழுத்திப் பிடித்தாள். மகள் திரும்பிப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேசைக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் இருந்தவர்களாம், சரியாகக் கேட்கவில்லையாம்.

"லூசி நோனா, அந்த எழும்பினதை இன்னொருக்கா செஞ்சு காட்டுங்களேன்."

சோமலதா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கையை ஏந்திக்கொண்டு எழும்பினாள்.