முட்டையாய்ப் போன துளை

காற்றில் ஓடும் டிரில் மேல்தான் ஃபிட்டருக்கு நம்பிக்கை. பாட்டரி டிரில்லைக் கண்டாலே ஆகாது. "சுத்துறது நத்தை, முறுக்குறது யானை. மெல்லிசுத் தகட்டுக்கு அது எமன்" என்பார். ஆனால் காற்று டிரில்லுக்கு கம்ப்ரெஸர் ஓட வேண்டும். அது ஓடினால் வீடே அதிரும். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்தாள். தலையில் ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அதனால் மச்சினன் பாட்டரி டிரில் வாங்கி வந்தான். கொட்டகையில் இருவரும் நாலு வருஷமாக ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பறக்கப்போகிறவன் மச்சினன்.

இறக்கையைத் தாங்குகிற நீளச் சட்டத்தில் நாற்பத்திரண்டு துளை போட வேண்டும். நாற்பத்தொன்று ஒழுங்காக விழுந்தது. கடைசித் துளையில் டிரில் கடித்துக்கொண்டு அவர் மணிக்கட்டைத் திருப்பியது. துளை முட்டை வடிவமாகி விளிம்புப் பக்கம் இழுத்துக்கொண்டது. ரிவெட் ஆணியின் தலை மூடிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது. அவர் விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பெரிய ரிவெட்டாப் போட்டுடலாம் மாமா."

"விளிம்புல தகடு மிச்சமில்லடா. கிழியும்."

"ஒண்ணே ஒண்ணுதான?"

"நீ விழறதுக்கு எத்தன வேணும்?"

ஹாக்ஸா பிளேடால் அந்தச் சட்டத்தை இரண்டாக அறுத்துப்போட்டார். மூன்று வார வேலை. வைத்திருந்தால் என்றைக்காவது மனசு மாறும். தன்னையும் அவர் நம்பவில்லை.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கம்ப்ரெஸரப் போடுங்க."

"தலை வெடிச்சிடும்டி உனக்கு."

"என் தம்பி கீழ விழற சத்தத்தவிட அது பெருசா? போடுறதுக்கு முன்னாடி சுவத்துல தட்டுங்க. காதுல பஞ்சு வச்சுட்டு நானும் தட்டுறேன்."

புதுச் சட்டம் செய்து துளை போடத் தொடங்கிய நாள் முதல் அப்படியே நடந்தது. அவர் இரண்டு தட்டு தட்டுவார். அவளும் இரண்டு தட்டுவாள். நாலு நிமிஷத்தில் காற்று டாங்கி நிறையும். கம்ப்ரெஸர் தானாக நிற்கும். அந்தக் காற்றில் ஆறேழு துளை போடலாம். காற்று தீர்ந்தால் மறுபடி தட்டு.

ஐந்தாம் நாள் பிற்பகல், முப்பத்தாறாவது துளைக்கு முன் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். டிரில்லைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி விட்டு வந்ததிலிருந்து அப்படி அசந்து தூங்கியதில்லை. மூச்சு சீராக வந்தது. பஞ்சு தலையணையில் உருண்டு கிடந்தது.

கொட்டகைக்குத் திரும்பி கம்ப்ரெஸர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

"என்ன மாமா, இன்னும் ஏழுதான? பாட்டரிய எடுக்கட்டுமா?"

"எடுத்தா கைய ஒடிப்பேன்" என்று மெதுவாகச் சொன்னார். ஸ்டூலைச் சுவர் ஓரமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உக்காரு. அவ முழிச்சுத் தட்டட்டும்."