சனிக்கிழமைச் சாம்பார்

விசா எடுத்துக் கொடுத்த கம்பெனியைத் தவிர வேறெங்கும் நவநீதன் வேலை பார்க்கக்கூடாது. பிடிபட்டால் ஊருக்கு விமானந்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில், கலியாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்யும் புஸ்பவதி அக்காவிடம் சம்பளத்துக்குக் கலியாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுவான். இது ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தமிழர் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் அவனுடைய ஜெர்மன் மேலாளர்தான். அந்த மனுசன் ஒரு சனிக்கிழமை, பெண்வீட்டின் பக்கத்து வீட்டுக்காரராகப் பந்தியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"நவநீதன்! நீ எப்படி இங்கே?"

அவன் சாம்பார் வாளியோடு நிமிர்ந்தான். "எங்க வழக்கம் சார். சொந்தபந்தம்தான் பரிமாறுவோம்," என்று அளந்துவிட்டான்.

"அருமை!" என்று மேலாளர் எழுந்து வாளியை வாங்கிக்கொண்டு ஊற்றத் தொடங்கிவிட்டார்.

அக்காவுக்கு ஒரே பூரிப்பு. ஜெர்மனிலேயே சத்தமாகச் சொன்னாள்: "நல்ல கை உங்களுக்கு! அடுத்த சனியும் இவரோடை வாங்கோ. இவருக்குத் தாற சம்பளமே தாறன்."

மேலாளர் கரண்டியும் கையுமாக நவநீதனைத் திரும்பிப் பார்த்தார்.