இருபதடிப் பாதை

தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து நாற்பது கல் சுமந்தாயிற்று. மாரியாத்தாளுக்குக் கையைத் தூக்கி முடியை அள்ளிச் செருகக்கூட முடியவில்லை. வன்னியம்பட்டிப் பக்கம், பருத்தி விளைந்த நிலத்தில் புது நகர் வருகிறது. மனைகளின் மூலைக்கு மூலை மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஊன்றுவது அவளுக்கும் பாண்டீஸ்வரிக்கும் வேலை.

மதியத்துக்கு மேல் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தைப் பார்த்து மாரியாத்தாள் நின்றுவிட்டாள்.

"இது பாதைல்லா? இங்க எதுக்குக் குழி?"

"எழுபத்தாறாம் நம்பர் மனை. தோண்டுத்தா."

நகரில் மூன்று பூங்கா. மூன்றையும் சேர்த்து, இருபதடி அகலத்தில், இருபுறமும் மரம் வைத்த பாதை. அது அவள் தெருவிலிருந்து ராஜபாளையம் மெயின் ரோடு வரை போகும். போன சித்திரையில் இப்படிச் சொன்னவன் கௌதம்ராஜ், அவள் அக்கா மகன், இங்கே சைட் மேனேஜர். நகரின் விளம்பர பேனரில் இருந்த பச்சைக் கோட்டை விரல் வைத்துக் காட்டினான். அந்த நிலத்தின் குறுக்கே தெருச்சனம் காலங்காலமாக நடந்த வண்டிப்பாதை ஒன்று இருந்தது. புதுப்பாதைக்கு ஈடாக அதை விட்டுத்தருகிறோம் என்று முப்பத்தொரு வீடும் கையெழுத்துப் போட்டது மாரியாத்தாள் சொல்லித்தான். பாதையின் முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, அதன்மேல் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான் கௌதம்ராஜ். சூடம் அணைத்தவனிடம் பேப்பர் கேட்பது கேவலம். யாரும் கேட்கவில்லை.

இப்போது அவன் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, பாதை எங்க?"

"அப்ரூவல் ஆன வரைபடத்துல பூங்கா மூணும் இருக்கு சித்தி. தனித்தனியா இருக்கு. பாதை பேனர்ல மட்டுந்தான்."

"எப்பருந்து?"

"மொதல்லருந்தே."

"அப்ப சூடத்த அணைக்கயில ஒனக்குத் தெரியும்."

"மொதலாளி சொன்னாக, செஞ்சேன். எனக்கும் ஒரு மனை தாராக. ஒங்க சனம் செத்த சுத்திப் போகட்டும். ரெண்டு கிலோமீட்டர் நடந்தா சுகர் கொறையும்."

"ஒங்க சனமா? நீ பொறந்ததும் அந்தத் தெருதாம்ல."

அவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

பாண்டீஸ்வரி கடப்பாரையோடு நின்றிருந்தாள். அவளும் அதே தெரு. "எக்கா, எங்க மாமியாளுக்கு மூச்சு முட்டுனா நூத்தியெட்டு எங்கிட்டு வரும்? நீ சொன்னன்னுதான அது கையெழுத்துப் போட்டுச்சு."

மாரியாத்தாள் கூலி வாங்காமல் தெருவுக்கு நடந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"பாதை கெடையாது," என்றாள். "என்னைய ஏமாத்துனது எங்க அக்கா மவன். ஒங்களுக்குச் சொன்னது நான்."

ஒருத்தியும் ஏசவில்லை. பாண்டீஸ்வரியின் மாமியார் மட்டும் தன் குடத்தை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

முப்பத்தொரு வீட்டுக்கும் மாரியாத்தாள் ஒரு பாதை கடன்பட்டிருக்கிறாள்.