ஸ்டெனருட் வீட்டுப் பாத்திரம்

மாமியாரை அடக்கம் செய்துவிட்டு அவள் வீட்டில் குடியேறிய மறுவாரம், ஆர்டிஸ் ஸ்டெனருட் முன்வாசல் வழியாக வெளியே போனாள். அடுத்த அடியில் தன் சமையலறைக்குள் நின்றாள். பின்வாசலிலும் அப்படியே. ஜன்னலில் இறங்கிப் பார்த்தாள், கால் பட்டது அடுப்படித் தரையில்தான். அது 1960. மினசோட்டாவில், நார்ட்பி என்கிற எங்கள் ஊரில் அந்த வருடம் பனி சீக்கிரம் உருகியது. சோளத்துக்குச் சுமாரான விலை. போதகர் வந்து ஜெபித்தார். தச்சர் கதவைக் கழற்றி மாட்டினார். தீவனக் கடை வைத்திருந்த அவள் கணவன் லாயிட் மட்டும் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தான். "வெளியில உனக்கு அப்படி என்ன வேலை? ரொட்டி, பாலு எல்லாம் நான்தானே வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

மாமியார் சாவுக்கு வந்து மிஞ்சிப்போன ஒரு பாத்திரம்தான் காரணம் என்று ஆர்டிஸுக்குப் பட்டது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பெண்கள் பாத்திரத்தின் அடியில் பெயரெழுதி ஒட்டுவார்கள். வீட்டுக்காரி அதைக் கழுவி, எதையாவது நிரப்பி, உரியவர் கையில் சேர்க்க வேண்டும்; வெறுமையாகத் தந்தால் அவமானம். எல்லாம் திரும்பிப் போனபின் பெயரில்லாத ஒரு வெள்ளைப் பாத்திரம் நின்றது. பக்கத்து வீட்டு ஹில்மா அதை வீடுவீடாகத் தூக்கிப்போய்க் கேட்டாள். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

வருடங்கள் ஓடின. தொலைக்காட்சியில் தெற்கே கறுப்பின மக்கள் உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். எங்கள் பையன்கள் தோள்வரை முடி வளர்த்தார்கள்; ராணுவம் சிலரைப் பிடித்து மழித்து வியட்நாமுக்கு அனுப்பியது. ஹில்மாவின் மகன் திரும்பவில்லை. ஆர்டிஸ் மக்ரோனியும் கொத்துக்கறியும் வேகவைத்து லாயிட்டிடம் கொடுத்தனுப்பிவிட்டு, ஜன்னலில் நின்று தேவாலய மணியைக் கேட்டாள். நாலடி தள்ளியிருந்த வீட்டுக்குப் போய் ஹில்மாவின் பக்கத்தில் உட்கார முடியவில்லை. பெண்கள் கால்சட்டை போட்டு வேலைக்குப் போனார்கள். அவளும் ஒன்று தைத்து, அடுப்பின் முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள்.

1970இல் மகள் கானி பல்கலைக்கழகத்திலிருந்து வெறுங்காலோடு வந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் சிரித்தாள். "அம்மா, இது அப்பாவைப் பெத்த பாட்டியோடது. பழைய போட்டோ எல்லாத்துலயும் இந்த அடுப்படியில இதைக் கையில வச்சுட்டுத்தான் நிக்கிறாங்க. வெளிய நின்ன போட்டோ ஒண்ணாவது இருக்கா? வாசலைத் தாண்டினதே சவப்பெட்டியிலதான்."

அப்படியானால் இப்போது அதற்கு உரியவன் மகன்தான். ஆர்டிஸ் அதை நிரப்பி, வேலை முடிந்து வந்த லாயிட்டின் இரண்டு கையிலும் வைத்தாள். "உங்கம்மா பாத்திரம். இனி உன்னுது."

கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலில் இறங்கினாள். காலடியில் புல் இருந்தது. நேரே ஹில்மா வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வந்துட்டியா? காபி ஆறிப்போச்சு, சூடு பண்றேன்" என்றாள் ஹில்மா.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பிய லாயிட், வாசலைத் தாண்டி அடுப்படிக்குள் வந்து நின்றான்.

கடையை இப்போது ஆர்டிஸ் பார்த்துக்கொள்கிறாள். குடியிருப்பது ஹில்மா வீட்டு மாடியில். லாயிட் சமைக்கக் கற்றுக்கொண்டான். சாயங்காலமானால் பாத்திரத்தை நிரப்பி ஜன்னல் வழியே நீட்டுவான். "வாங்கிக்கோ ஆர்டிஸ். நிரப்பித்தானே தர்றேன்."

"பிடிச்சுக்கோ" என்பாள் அவள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பில்கூட விரல் படாமல், தன் முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிடுவாள். "உப்பு கம்மி." குளிர்காலத்தில் கையுறை போட்டுக்கொள்வாள். தெருவில் போகிறவர்கள் இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள்.